நீலக் கேனுக்குக் கீழே

1

என் மச்சானைக் கெட்டவனாக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் கிடையாது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் தூண்டில் சங்கத்தில் நான் பழைய ஆள். அவன் போன வருஷம் வந்து ஒட்டிக்கொண்டவன். இப்போது எங்கே தூண்டில் போடலாம் என்று எல்லோரும் அவனைத்தான் கேட்கிறார்கள்.

முதல் வரி இப்படி வந்தது: 'திருட்டு முழி முழிக்கும் ஒருவன் ஏரிக்கு வந்து'

மனைவி பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"என் தம்பிக்கா திருட்டு முழி? கண்ணாடியைப் பாத்து எழுதினீங்களோ?"

நிறுத்திவிட்டேன். (வரியை அழிக்கவில்லை. அழித்தால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.)

2

விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் மீன் குறைந்துபோச்சு. குஞ்சுகள் ஒளிய இடமில்லை. பொரிந்ததும் பெரிய மீன் விழுங்கிவிடும். மரக்கிளைகளைக் கட்டி, கல் வைத்து, தண்ணீருக்குள் இறக்குவதென்று சங்கத்தில் முடிவானது. சும்மா செய்கிற வேலை. தேநீர்கூட அவரவர் வீட்டிலிருந்து. சோதனைக்கு முதலில் ரெண்டே கட்டு, பக்கத்துப் பக்கத்தில். என் கட்டுக்கு அடையாளமாக மேலே நீலக் கேன் மிதக்கும், மச்சான் கட்டுக்குச் சிவப்பு. எதில் குஞ்சு தங்குதோ, ஏரி முழுக்க அதே மாதிரி.

"மாமா, கிளை காயட்டும். பச்சையா போட்டா இலை அழுகி தண்ணி கெட்டுடும்."

அவன் சொல்லி நான் கேட்பதா? வெட்டின அன்றைக்கே இறக்கினேன். அவனோ கிளைகளை வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் பொறுமையாகத் திருப்பிப் போட்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். பாராட்டு மாதிரி போகிறது.)

3

இந்த இடத்தில் ஒரு கிழவனைக் கொண்டுவந்து, அவன் நான் இல்லை என்று எழுதிப் பார்த்தேன். நீங்கள் நம்பப்போவதில்லை. நான்தான்.

சனிக்கிழமை மத்தியானம், கரையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் படகில் போனேன். சிவப்புக் கேனுக்குக் கீழே, கடுகைக் கொட்டின மாதிரி குஞ்சுகள். என் நீலக் கேனுக்குக் கீழே கறுத்த தண்ணீர், இலை அழுகின நாற்றம். ரெண்டு கேனையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பார்க்கும்போது பேர் எனக்கு. அவ்வளவுதான் கணக்கு.

4

சங்கச் செயலாளர் ஒரு நர்ஸம்மா. பேச்சும் ஊசி போடுகிற மாதிரியே இருக்கும். ஞாயிறு காலை எல்லோரையும் கரையில் நிறுத்திச் சொன்னார்:

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமையே நானும் இந்தத் தம்பியும் பாத்துட்டோம். நீலக் கேன் கட்டு அழுகிப்போச்சு. பக்கத்துல இருக்கற குஞ்சு சாகறதுக்குள்ள அதை வெளிய இழுத்துடலாம்."

வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறார்கள். நான் மாற்றியது சனிக்கிழமை. இப்போது நீலக் கேனுக்குக் கீழே இருப்பது மச்சானின் கட்டு. இழுத்தால் குஞ்சு மொத்தமும் கிளையோடு கரையேறி வெயிலில் துடிக்கும். காற்றில் ஏரி கலங்கிக் கிடந்தது, அடியில் எதுவும் தெரியவில்லை. கேனை நம்பித்தான் வேலை.

மச்சான் படகிலிருந்து குனிந்து நீலக் கேனின் கயிற்றில் கொக்கியை மாட்டினான். என்னைப் பார்த்துக் கத்தினான்:

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க! அடுத்த கட்டு நாம ரெண்டு பேரும் சேந்து போடலாம்!"

5

ஒரு முடிவு: நான் வாயைத் திறக்கவில்லை. கட்டு மேலே வருகிறது. கேன் எப்படி மாறியது என்று எல்லோரும் விழிக்கிறார்கள். நானும் சேர்ந்து விழிக்கிறேன். யாருக்கும் என்மேல் சந்தேகம் வராது. எனக்குப் பிடித்த முடிவு. மனைவி படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்:

"குஞ்சு?"

இன்னொரு முடிவு: "நிறுத்துடா!" என்று கத்தி, உள்ளதைச் சொல்கிறேன். குஞ்சு பிழைக்கிறது. மச்சான் என்ன செய்வான்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "அறிவிருக்கா கிழவா?" என்று அவனைக் கேட்க வைத்துப் பார்த்தேன், அவன் வாயில் நிற்கவில்லை. எத்தனை தடவை எழுதினாலும் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல மாமா" என்கிறான். எல்லோர் முன்னாலும் தோளில் கையைப் போடுகிறான். அதை வாங்கிக்கொண்டு நான் எந்த மூஞ்சியோடு ஏரிக்குப் போவது?

"யோசிச்சது போதுங்க," என்கிறாள் மனைவி. "கயிறு இறுகுது."

நான் எழுதினால் அவன் நல்லவனாகவே வருகிறான். நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு தடவை, அத்தனை பேர் முன்னாலும், அவன் என்னைக் கேட்கக்கூடாத வார்த்தையில் திட்டுகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். உடனே 'நிறுத்துடா' என்று கத்திவிடுகிறேன்.

சீக்கிரம்.