இடது கால் கொப்பி

எனக்கு வலிப்பது வலது இடுப்பு. அங்கே கிளம்பி வலது காலின் பெருவிரல் வரைக்கும் இறங்கும். என் கிளினிக் கொப்பியில் மட்டும் ஒன்பது வருடமாக வலிப்பது இடது கால்.

இது எனக்குத் தெரிய வந்ததே போன மாதம்தான். கடையில் நாங்கள் காசு கொடுத்து வாங்கி, உறை போட்டுக் கொண்டுபோகும் கொப்பியில், எங்களைப் பற்றி எங்களுக்கு விளங்காத இங்கிலீஷில் எழுதுவார்கள். உயர்தர வகுப்பில் படிக்கும் மகள் சப்னாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

"இடது கால் நோ. போர் அதிர்ச்சி. மனம் சம்பந்தப்பட்டது எண்டு இருக்கு உம்மா."

"அடுத்த பக்கம்?"

"அதேதான்."

ஏழு டொக்டர்மார், ஏழு கையெழுத்து, ஒரே வசனம். முதலாமவர் முல்லைத்தீவு என்ற விலாசத்தைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. பிறகு வந்த மேதைகள் அவருடைய வரியைப் பார்த்தார்கள். பரீட்சையில் பிள்ளைகள் இப்படிப் பார்த்தெழுதினால் எழுப்பி வெளியே விடுவார்கள்.

போர் அதிர்ச்சியாம்! தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களான எங்களைப் புலிகள் விரட்டியபோது எனக்கு ஆறு வயது. 2009இல் கடைசிச் சண்டை நடந்த மாதம் நான் வெகு தூரத்தில், கற்பிட்டியில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பியதே 2013இல். நான் பட்டதை ஒருவரும் கேட்கவில்லை, படாததை மட்டும் தாராளமாக எழுதித் தந்திருக்கிறார்கள்.

நான் கேட்டது ஸ்கான் எடுக்க ஒரு துண்டுச் சீட்டு. கிடைத்தது பெரசிற்றமோலும் புத்திமதியும். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து இரண்டு வருடமாகிறது, கதிரையில் இருந்துதான் தொழுகிறேன். மாமி ஓதிய தண்ணீர் தந்தார். அவராவது எந்தக் கால் என்று கேட்டார்.

"ஏழு பேரும் பிழையாச் சொல்லுவாங்களா?" என்றார் கணவர் றிஸ்கான்.

"ஒராள்தான் சொன்னவர். மற்ற ஆறு பேரும் பாத்தெழுதினவங்க."

மறுநாளே புதுக் கொப்பி வாங்கினேன். விலாசத்துக்குப் புத்தளத்தில் இருக்கும் தங்கையின் வீட்டை எழுதிக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். அங்கே இருந்தவர் ஓர் இளம் டொக்டர்.

"முந்திக் காட்டின கொப்பி எங்கை?"

"இதுதான் முதல் தரம், டொக்டர்."

வெறும் பக்கங்களைப் புரட்டினார். பார்த்தெழுத ஒன்றுமில்லை, பாவம். வேறு வழியில்லாமல் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். வலது காலைத் தூக்கினார். இடுப்பில் ஓர் இடத்தை விரலால் அமத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னெண்டு எனக்குத் தெரியேல்லை. ஸ்கான் எடுத்துப் பாப்பம்," என்று துண்டை எழுதினார்.

ஒன்பது வருடத்தில் தெரியாது என்று சொன்ன முதல் டொக்டர். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

துண்டை நீட்டியவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"நோவை நல்லா வளர விட்டிட்டுத்தான் வருவீங்கள், என்ன? இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் காட்டாமல் இருந்தனீங்களோ?"

அவர் விரல்களிலிருந்து துண்டை இழுத்து எடுத்தேன்.

"காட்டினனான் டொக்டர். ஏழு பேருக்குக் காட்டினனான். ஒருத்தரும் பாக்கேல்லை."