இஞ்சி கொஞ்சம் கூட

பெர்னடெற்றை எனக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே பிடித்தது. பிடிக்காதவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு தலையிடி வந்திருக்காது.

என் தம்பி குகதாசன் லண்டன் லூயிஷாமில் அவளோடு இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறான் என்பது 1991 பங்குனியில்தான் எனக்குத் தெரியவந்தது. நைஜீரியாக்காரி. முதியோர் இல்லமொன்றில் வேலை. நானோ என் கணவரின் தங்கை சிவமலருக்குக் குகனைத் தருவதாக எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டேன். மாற்றுச் சம்பந்தம். அவர்கள் வீட்டு ஆணை நான் கட்டினேன், அவர்கள் வீட்டுப் பெண்ணை என் தம்பி கட்ட வேண்டும். அந்தப் பேச்சில்தான் என் கலியாணமே நடந்தது. சிவமலர் கொழும்பில் ஒரு வாடகை அறையில், முப்பத்தொரு வயதில் காத்துக்கொண்டிருந்தாள். வாக்குப் பிழைத்தால் நோர்பரியில் இந்த வீட்டுக்குள் நான் நிமிர்ந்து நடக்க முடியாது. என் கணவர் அம்பலவாணன் கை நீட்டுகிறவர் அல்ல, பேசாமல் இருப்பார். ஒருமுறை நான்கு மாதம் பேசாமல் இருந்தார். அடித்திருக்கலாம்.

குகன் வந்து கெஞ்சினான்.

"அக்கா, ஒருக்கா அவளின்ரை கையால சாப்பிட்டுப் பாருங்கோ. அத்தானும் சாப்பிடட்டும். பிறகும் வேண்டாமெண்டா நான் ஒண்டும் கதைக்கேல்லை."

"ஓம், ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வா," என்றேன்.

அதற்கு முன் ஒரு சனிக்கிழமை நான் தனியாக லூயிஷாம் போனேன், அவள் சமைப்பதைப் பார்க்க. ஆட்டிறைச்சியை வெங்காயமும் தட்டிய இஞ்சியும் போட்டு அவித்தாள். சிவந்த பனை எண்ணெயைக் காயவைத்து, அரைத்த முலாம்பழ விதையைக் கொட்டிக் கிளறினாள். அது திரண்டு வந்ததும் இறைச்சியும் கீரையும் போனது. பிறகு கொதிதண்ணீரில் ஒரு வறுத்த மாவைத் தூவி, மரக்கரண்டியால் மூச்சு வாங்கக் கிண்டி, ஒரே கட்டியாக்கினாள். என்ன மா என்று கேட்டேன். மரவள்ளிக்கிழங்கு என்றாள்.

மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு. யாழ்ப்பாணத்தில் இது எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரவள்ளி தின்றுவிட்டு இஞ்சித் தேத்தண்ணி குடித்துக் குடும்பத்தோடு செத்தவர்களின் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது.

நான் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள். "நான் பல்லு முளைத்த நாளிலிருந்து இப்படித்தான் சாப்பிடுகிறேன், அக்கா," என்றாள் ஆங்கிலத்தில். 'அக்கா' மட்டும் தமிழ். குகன் பழக்கியிருக்கிறான்.

கையால்தான் சாப்பிட்டோம். ஒரு உருண்டை கிள்ளி, பெருவிரலால் குழி பண்ணி, குழம்பை அள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும். முதல் வாய் பயத்தில் போனது. பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாக நித்திரை கொண்டேன். அடுத்த நாள் எழும்பி ஷிப்டுக்கும் போனேன்.

அந்த வாரம் அவளுக்குப் போன் எடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமைக்கு இஞ்சி கொஞ்சம் கூடப் போடும். எங்கட ஆக்களுக்கு நல்ல விருப்பம்." அவள் நன்றி சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் நீலச் சட்டையும் அதே நீலத்தில் தலைத்துணியும் கட்டி, துணியில் சுற்றிய சட்டியோடு வந்தாள். என் கணவரின் அண்ணன் யோகலிங்கமும் வந்திருந்தார். யாருக்கு எது பிடிக்கும் என்று குகனிடம் கேட்டு வைத்திருந்தாள் போல, பரிமாறியபடி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். யோகலிங்கம் வியர்த்து வியர்த்துச் சாப்பிட்டார். என் கணவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

"எங்கட ஒடியற்கூழை இறுக்கிக் காய்ச்சின மாதிரி இருக்கு. கெட்டிக்காரி," என்றார்.

குகன் அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அவள் முகம் மலர்ந்த விதத்தை நான் மறக்கவில்லை. அந்த நிமிடமே நான் பேசாவிட்டால் எல்லாம் கைமீறிவிடும் என்று தெரிந்தது.

"தம்பி, இது மரவள்ளி மா எண்டெல்லே சொன்னனி. குழம்புக்கை இஞ்சி மணக்குது?"

யோகலிங்கத்தின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. "மரவள்ளியோட இஞ்சியோ!" என்று கதிரையைத் தள்ளிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். என் கணவர் குசினியில் உப்புத் தண்ணீர் கரைத்துக் குடித்து, தொட்டியில் குனிந்தார். நானும் வாயில் விரலை விட்டேன். என் வாயிலிருந்து எச்சில்தான் வந்தது.

என்ன நடக்கிறது என்று குகன் சொன்னதும் பெர்னடெற் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கள்தானே கூடப் போடச் சொன்னீர்கள்?"

"எனக்கு இவ பேசிற இங்கிலிஷ் விளங்கேல்லைத் தம்பி," என்றேன்.

குகன் நடுவில் நின்றான். இரண்டு வருடம் இதே சாப்பாட்டைச் சாப்பிட்டு, நெஞ்சும் தோளும் வைத்திருந்த பிள்ளை. அவன் ஒரு வாக்கியம் சொல்லத் தேவையில்லை. திரும்ப இருந்து இன்னொரு வாய் சாப்பிட்டிருந்தால் போதும், நான் தோற்றிருப்பேன். நான் அதற்குத்தான் பயந்துகொண்டு நின்றேன்.

தொட்டியடியிலிருந்து என் கணவர் கத்தினார். "குகன், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? போய்ச் சத்தியெடும்!"

அவன் அவளைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். பிறகு மேலே குளியலறைக்குப் போனான். கதவைக்கூடச் சாத்தவில்லை. அவன் ஓங்காளிக்கிற சத்தம் படிகளில் இறங்கி வந்தது. ஒருதரம் அல்ல, மூன்று தரம்.

பெர்னடெற் அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, மிச்சம் இருந்ததை அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவினாள். சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு தனியாக நோர்பரி ஸ்டேசனுக்கு நடந்து போனாள். மேலே குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆவணியில் குரோய்டனில் ஒரு மண்டபத்தில் குகனுக்கும் சிவமலருக்கும் கலியாணம் நடந்தது. என் கணவர் என்னோடு நன்றாகப் பேசுகிறார்.

இப்போது ஏழு வருடமாகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு குகன் வருவான். வரும்போது தானே மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வருவான். அவித்துக் கொடுத்தால் மேசையில் எனக்கு நேரெதிரே இருந்து, என் முகத்தைப் பார்த்தபடி சாப்பிடுவான். முதல் தடவை சிவமலர் அவன் கையைப் பிடித்து அழுதாள். அவன் சாகவில்லை. இப்போது அவளுக்கும் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையை என்னிடம் நீட்டுவான். ஏழு வருடமாக என்னோடு அவன் பேசுகிற ஒரே பேச்சு அதுதான்.

"அக்கா, இஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்கோ."