தெரியாது என்று சொன்ன மன்சரா

பனி உருகத் தொடங்கிய வாரத்தில் காத்மாண்டுவிலிருந்து சிருஜனா மேடம் வந்தார். காய்கே பேசுகிறவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் மதிப்பிட வேண்டும். டோல்பா மலையில் சில ஊர்களில் மட்டும், மகர் இனத்தாரான நாங்கள் பேசும் மொழி அது. மேடத்துக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. வீடு வீடாக அழைத்துப்போய் நேபாளியில் சொல்வது என் வேலை. பள்ளிக்குத் தாய்மொழி வாத்தியார் பதவி வந்தால் எனக்குத்தான் என்று ஊர்த்தலைவர் ஜித்மான் ரோக்காயா சொல்லிவைத்திருந்தார்.

முதல் நாளே தலைவர் காத்மாண்டுவில் இருந்த தன் மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"நம்ம பாஷையில ஏதாவது பேசுடா. மேடம் கேக்குறாங்க."

மகன் நேபாளியில், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்," என்றான்.

"கேட்டீங்களா மேடம்? சுத்தமான காய்கே," என்றார் தலைவர். மேடம் என் முகத்தைப் பார்த்தார். நேபாளி தெரிந்த அவருக்கா புரியாது? இருந்தாலும், "வெட்கப்படுறான் மேடம், நல்லா பேசுவான்," என்றேன். எழுதிக்கொண்டார். இப்படி ஊரில் இல்லாதவர்கள் நாற்பத்தொரு பேர் பட்டியலில் ஏறினார்கள்.

மூன்றாம் நாள், செப்பனிட்ட கலப்பைக் கொழுவைக் கொடுக்க மன்சரா வந்தாள். காமி என்கிற கொல்லர் சாதிக்காரி. தலைவர் வீட்டு முற்றத்துக்கு வெளியே நின்றாள். அவள் சாதிக்கு அதுதான் எல்லை. எங்கள் வாயில் வராத பழைய சொற்களெல்லாம் அவள் வாயில் இருந்தன. விதைப்புப் பாட்டில் அடி மறந்தால் எங்கள் பெண்கள் அவளைத்தான் கேட்பார்கள்.

மேடம் கேட்டார், "கீழ வளைவுல இருக்கிற வீடு இவங்களோடதா? அங்க யாரும் காய்கே பேசுறாங்களா?"

"அவங்க காமிங்க மேடம். நேபாளி மட்டும்தான்," என்றேன். மன்சரா என்னைப் பார்த்தாள்.

மேடம் விடவில்லை. "அக்கா, நீங்களே சொல்லுங்க. காய்கே தெரியுமா?"

அவள் வாய் திறப்பதற்குள் தலைவர் காய்கேயில் பேசினார். சிரித்த முகம், குழந்தையிடம் பேசும் குரல். "தெரியும்னு சொன்னா இந்த அறுப்புக்கு உங்க வீட்டுக்கு ஒருபிடி பார்லி வராது. புள்ளைங்களுக்குக் கல்லைத்தான் வேகவைப்பே."

"என்ன சொல்றார்?" என்று மேடம் என்னிடம் கேட்டார்.

"சாப்பிட்டியான்னு கேக்கிறார் மேடம்."

மன்சரா கொழுவைக் கீழே வைத்தாள். "தெரியாது மேடம்," என்றாள் நேபாளியில். ஏழு பேர் கொண்ட அந்த வீடு முழுக்க விடுபட்டது. "காமிங்க பேரு ஏறினா, நாளைக்கு மகர் மொழிப் பதவிக்கும் அவங்கதான் வந்து நிப்பாங்க," என்று பிறகு தலைவர் என்னிடம் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அறுப்பு முடிந்ததும் வருஷக் கூலி தானியத்துக்கு மன்சரா கூடையோடு வந்தாள். வழக்கம்போல் காய்கேயில் கேட்டாள்.

"என்ன சொல்றா இவ? யாருக்காவது புரியுதா?" என்றார் தலைவர் களத்தில் இருந்தவர்களிடம். "உனக்குத்தான் இந்தப் பாஷையே தெரியாதேடி. மேடம் எழுதிட்டுப் போயிட்டாங்களே."

களம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் நேபாளியில் திரும்பக் கேட்டாள். இன்னும் சத்தமாகக் கேட்கச் சொன்னார்கள். நான்காம் முறை குரல் உடைந்த பிறகு பாதிக் கூடை போட்டார்கள்.

அதன்பின் அவள் எங்கே காய்கே பேசினாலும், "யாருக்காவது புரியுதா?" என்று சிறுவர்கள் கத்தினார்கள். பிள்ளைகளிடமும் நேபாளியில் பேச ஆரம்பித்தாள். குளிருக்கு முன் உலைத்துருத்தியை விற்றுவிட்டு ஏழு பேரும் அடிவாரத்துச் சுர்க்கேத்துக்கு இறங்கிப் போனார்கள். பாலத்தருகே எதிரே வந்த நான், எங்கே போறீங்க என்று காய்கேயில் கேட்டேன். புருஷன் தலைகுனிந்தான். மன்சரா என்னைப் பார்த்தபடியே நடந்து தாண்டிப் போனாள்.

அடுத்த வருஷம் பதவி வந்தது. தலைவருடைய மருமகனுக்கு.