பொன்னாடைக்குள் ஐந்நூறு வெள்ளி

வேலம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்தத் தடவை தன் காசு நித்தியாவின் கைக்கே போய்ச் சேர வேண்டும்.

ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, கோர்ட்டு ஏறி எல்லாருக்கும் வீடு வாங்கிக் கொடுத்த வக்கீல் பெண் நித்தியா. போன சட்டமன்றத் தேர்தலில் அவள் சுயேச்சையாக நின்றபோது தோட்டமே காசு கொடுத்தது. வாங்கிக்கொண்டவர் அவளுடைய தேர்தல் பொறுப்பாளர் அப்பளசாமி. தோற்ற பிறகு நித்தியா இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. ஒரு நன்றி? அதுவும் இல்லை. வேலம்மாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் குடியிருக்கிற வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் பாதியாகிவிடும்.

இப்போது நித்தியா மறுபடியும் நிற்கிறாள். காசு அனுப்பச் சொல்லி அப்பளசாமி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் கியூஆர் அனுப்பினார். வேலம்மா ஸ்கேன் செய்தால், 'அப்பளசாமி கேட்டரிங்' என்று வந்து நின்றது. உடனே போன் போட்டாள்.

"என்னாண்ணே, ஒங்க பேரு வருது?"

"எல்லாம் ஒரே கணக்குதான்லா தங்கச்சி. அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் பாக்க ஏது நேரம்?"

வேலம்மா போனை வைத்துவிட்டு ரவாங் டவுனுக்குப் பஸ் ஏறினாள். பளபளவென்று ஒரு பொன்னாடை வாங்கினாள். உள்பக்கம் சின்னதாகப் பை தைத்து, ஐந்நூறு வெள்ளியை நோட்டுகளாக அதில் வைத்து மூடினாள். தோளில் போர்த்துகிற பொன்னாடைக்கு நடுவே எந்தப் பொறுப்பாளர் புகுந்துவிட முடியும்?

ஞாயிறு காலை, கோயில் மண்டபத்தில் நித்தியாவின் தேர்தல் கூட்டம். வேலம்மா மேடையேறிப் போர்த்தி, "உள்ளுக்குள்ள பாரும்மா" என்று காதோடு சொன்னாள். ஸ்பீக்கரில் அலறிய பாட்டில் அது யாருக்குக் கேட்கும்? நித்தியா சிரித்தாள், கும்பிட்டாள், பொன்னாடையை எடுத்துப் பின்னால் நின்ற அப்பளசாமியிடம் கொடுத்தாள். நம் ஊரில் பொன்னாடையின் ஆயுள் அரை நிமிடம்தான் என்பது வேலம்மாவுக்கு எப்படியோ மறந்துபோயிற்று.

அடுத்து கோயில் தலைவர் நாராயணசாமிக்கு மரியாதை. புதுப் பொன்னாடைக்கு யார் செலவழிப்பது என்று அப்பளசாமி கையிலிருந்ததையே எடுத்து நீட்ட, வேலம்மாவின் ஐந்நூறு வெள்ளி தலைவரின் தோளில் ஏறியது. அவரோ பூரித்துப்போய், அதோடே பந்திக்குக் கிளம்பிவிட்டார்.

வேலம்மா ஓடிப்போய் மறித்தாள். "தலைவரே, தப்பா நெனைக்காதீங்க" என்று பொன்னாடையை உருவி, பல்லால் தையலைப் பிரித்து நோட்டுகளை எடுத்தாள். மண்டபமே வாய் பிளந்தது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தாள். திருவிழாவில் உபயம் வாசிக்கிற அதே ராகம்தான் வாயில் வந்தது.

"திருமதி வேலம்மா, வேட்பாளர் நித்தியா கையிலயே, ஐந்நூறு வெள்ளி. போன தேர்தலுக்கு, அப்பளசாமி அண்ணன் மூலமா, முந்நூறு வெள்ளி."

நித்தியா நிமிர்ந்தாள். "போன தேர்தலுக்கா?"

பதில் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. பின்னாலேயே பக்கத்து வீட்டுத் தங்கமணி ஏறி மைக்கை வாங்கினாள். "தங்கமணி, அப்பளசாமி அண்ணன் மூலமா, நூறு வெள்ளி." அடுத்தவர் வந்தார். அதற்குள் வரிசையே நின்றுவிட்டது. அப்பளசாமி பொன்னாடைகளைப் போட்டுவிட்டு நைசாக நகர்ந்து மைக் வயரைப் பிடுங்கினார். பால்மர வரிசைகளுக்கு நடுவே கூப்பிட்டுப் பழகிய தொண்டைகளுக்கு மைக் எதற்கு? சத்தம் வாசல் தாண்டிப் போனது. அவர் தன் வேனைத் தேடிப் போனார்.

நித்தியா வேலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தோட்டத்துலேர்ந்து ஒரு காசுகூட வரலன்னு அப்பளசாமி அண்ணன் சொன்னாருக்கா. ஒங்க யாருக்குமே நான் வேணாமாம். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?"

இத்தனை நாள் இந்தப் பெண்ணையல்லவா கரித்துக்கொட்டினோம்.

"காசு போனா போவட்டும்மா," என்றாள். "ஒன்ன நாங்க வேணான்னு சொன்னதா சொன்னான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

நோட்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்து, தன் கையாலேயே விரல்களை மடக்கி மூடினாள்.