பொட்டு வைக்காத பிப்பெட்

ஆயுத பூஜையன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியையும் தொடக் கூடாது என்று துறைத்தலைவர் அச்சுதன் சார் நோட்டீஸ் ஒட்டினார். தாம்பரத்தில் அந்தக் கல்லூரி தொடங்கியதிலிருந்து அவருக்குக் கருவிகள்மேல் அப்படியொரு கருணை.

ஆராய்ச்சி மாணவி சுப்ரஜா நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். மனித ஸ்டெம் செல்களை ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களாக வளர்த்துக் காட்டினால்தான் டாக்டர் பட்டம். முதல் தடவை மின்வெட்டில் போயிற்று. இரண்டாவது, பள்ளிக்கரணையில் வெள்ளம் வந்து அவள் வீட்டைவிட்டு இறங்க முடியாத இரண்டு நாளில் போயிற்று. மூன்றாவதற்கு நாளை, பூஜையன்று, ஆறாம் நாள். தினமும் சத்துநீரை மாற்றாவிட்டால் இதுவும் செத்துவிடும். அடுத்த தடவைக்கு ஸ்டெம் செல்லும் கையில் இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு நாள் பட்டினி கெடந்தா என்னம்மா ஆயிடும்? நான் ஏகாதசிக்கு ஏகாதசி திருநீர்மலை ஏறி இறங்கறேன்."

"நீங்க காபி குடிப்பீங்க சார்."

அது வேறு என்றார் சார்.

மறுநாள் மைக்ராஸ்கோப்புக்கு மாலை, செல்கள் வளரும் இன்குபேட்டருக்குச் சந்தனப் பொட்டு, சரஸ்வதி படத்தின் முன்னால் பிப்பெட்டுகள் வரிசையாகக் குங்குமத்தோடு. சார் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பூட்டவேண்டியவள் துப்புரவு செய்யும் கன்னியம்மா. சுப்ரஜா வாசலிலேயே நின்றாள். ஒரு சொட்டு நீர் எடுக்கவும் பிப்பெட் வேண்டும் என்று கன்னியம்மாவிடம் விளக்கினாள்.

கன்னியம்மா யோசித்தாள்.

"பொட்டு வெச்சாத்தானம்மா ஆயுதம்? டிராயர்ல பழசு ஒண்ணு கீது. அதுக்கு வெக்க மறந்துட்டேன்."

"இன்குபேட்டர்ல பொட்டு இருக்கே, அக்கா."

"அது எங்கம்மா லீவு எடுத்துது? காலைலேர்ந்து ஓடிகினுதான் கீது. சாரு அத நிறுத்தச் சொல்லலியே. அதோட கதவத் தொற."

விஜயதசமி காலையில் சார் மைக்ராஸ்கோப்பின் மாலையை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். செல்கள் தளக்கல் பதித்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"பார்த்தியா? பட்டினி போட்டதுல எப்படி வளர்ந்திருக்கு. ஆறாம் நாள் உபவாசம்னு தீசிஸ்ல செய்முறையிலயே சேர்த்துடு."

சுப்ரஜா ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துவந்து அவர் முன் விரித்தாள். ஆறாம் நாள், காலை பதினொன்றேகால், சத்துநீர் மாற்றப்பட்டது, பழைய பிப்பெட், உடனிருந்தவர் கன்னியம்மா என்று தெளிவாக எழுதியிருந்தது.

சார் அதன் கீழே, சரிபார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.