அட்டைப்படத்துக்கு ஒரு வீடு

பதினொரு வருடங்களாகத் திணைக்களத்தின் ஆண்டு முன்னேற்ற அறிக்கைக்கு வீடுதான் அட்டைப்படம். சுற்றாடல், வீடமைப்பு, உள்ளூராட்சி என்று உள்ளே மூன்று பகுதிகள் இருந்தாலும், முகப்பில் ஏறுவது தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேதீஸ்வரன் கட்டி முடித்த ஏதோவொரு வீடு. அந்தப் பதினொரு அட்டைகளையும் அவர் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வைத்திருந்தார். பன்னிரண்டாவதுக்கும் இடம் விட்டிருந்தார்.

அந்த இடத்துக்கு இந்த வருடம் ஒரு குளம் போட்டிக்கு வந்தது.

குளம் சுபாஜினியுடையது. சுற்றாடல் பிரிவுக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாதவள். பாழ்பட்டுக் கிடந்த குளத்தைத் தூர்வாரி, கரையைச் சுற்றி மரக்கன்று நட்டாள். மாரிமழைக்குக் குளம் முட்ட நிறைந்தது; கொக்குகள் வந்து நின்றன. பணிப்பாளர் அற்புதராணி அந்தப் படத்தைத் தன் தொலைபேசியில் வைத்து, வருகிற எல்லோருக்கும் காட்டினார்.

“கொக்கு தானா வந்து நிண்டது. அதுக்கும் உந்தச் சுபாஜினிக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேதீஸ்வரன் சாப்பாட்டு நேரத்தில் சாரதி சுரேஸிடம் கேட்டார்.

“அப்ப நீங்களும் வீட்டு வாசலிலை ரெண்டு கொக்கைக் கொண்டுபோய் விடுங்கோவன், அண்ணை.”

சுரேஸ் பகிடிக்குத்தான் சொன்னான். கேதீஸ்வரன் பாதிச் சோற்றோடு சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

பணிப்பாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த வருடத் திட்டத்தின் நாற்பது வீட்டிலும் வருட முடிவுக்குள் ஆட்கள் குடியேறியிருந்தால் அட்டையில் வீடு, ஒன்று குறைந்தாலும் குளம். முப்பத்தொன்பதில் ஆட்கள் இருந்தார்கள். நாற்பதாவது, கீரிமலைப் பக்கம், இராணுவத்திடமிருந்து திருப்பிக் கிடைத்த காணியில் தங்கமுத்துவுக்குக் கட்டிய வீடு. ஓடு வரப் பிந்தி, வேலை முடிந்தபோது மார்கழி பிறந்து நாலு நாள்.

“மார்கழியிலை ஆரும் வீடு குடிபூருவினமே, தம்பி?” என்றாள் தங்கமுத்து. “முப்பது வருசம் முகாமிலையும் வாடகை வீட்டிலையும் இருந்தனான். தை பிறக்குமட்டும் இருக்கமாட்டனே?”

“குடிபூர வேண்டாம், அக்கா. படத்துக்கு மட்டும் ஒருக்கா பால் காய்ச்சுங்கோ.”

“பால் வைக்கமாட்டன். தண்ணி எண்டால் வைக்கிறன்.”

ஆவி எதில் வந்தால் என்ன? வாசலில் மூன்று கல்லின் மேல், புதுப் பானையில் தண்ணீர் கொதித்தது. கேதீஸ்வரன் கூரையின் நேரும் சுவரின் வெள்ளையும் தெரிய, கதவு நிலையோடு சேர்த்துப் படம் எடுத்தார். வீட்டில் ஒரு குறையும் அவர் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் குளத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். நூற்றிருபது கன்று நட்டதாக அலுவலகம் முழுக்கப் பேச்சு. கரையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஆடு கடித்ததும் கருகியதும் போக எழுபத்தொன்று. சந்தேகம் தீர மறுபடியும் எண்ணினார். அதே எழுபத்தொன்று. வீட்டுக்குப் போகும்போது அவருக்குப் பாட்டு வந்தது.

மறுநாள் கூட்டத்தில் பணிப்பாளர் அறிக்கையைப் புரட்டத் தொடங்கியதும் கேதீஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

“மடம், நட்டது நூற்றிருபது எண்டினம். நான் ஒருக்கா அந்தப் பக்கம் போனனான். எழுபத்தொண்டுதான் நிக்குது.”

சுபாஜினி தன் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ‘நட்டவை 120, உயிரோடிருப்பவை 71.’

“ஓம் அண்ணை, எழுபத்தொண்டுதான். போன கிழமை நானும் எண்ணினனான். நிக்கிறதுகளுக்கு ஆடு கடியாமல் பனைமட்டையாலை கூடு கட்டவேணும்.”

பணிப்பாளர் கேதீஸ்வரனைப் பார்த்த பார்வை நீளமாக இருந்தது. பிறகு வீட்டுப் படத்தை எடுத்தார். “இது எப்ப குடிபூரினது?”

“கார்த்திகைக் கடைசியிலை, மடம்.”

“அப்ப நாற்பதும் சரி. வீட்டையே போடுவம். சுபாஜினி, நீர் எல்லாத்தையும் கோத்து நாலு மணிக்கு அனுப்பும்.”

வென்றுவிட்டார். ஆனால் சுபாஜினியின் முகம் வாடவில்லை. அதுதான் அவரை அரித்தது.

இரண்டு மணிக்கு அவள் படத்தையும் வீட்டுக் கணக்குத் தாளையும் கொண்டு அவருடைய மேசைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

“கேதீசண்ணை, வாசலிலை நிறைகுடம் இல்லை. நிலையிலை மாவிலை இல்லை. நிறைகுடம் வைக்காமல் எங்கடை சனம் பால் காய்ச்சுமே?”

அவர் படத்தைப் பார்த்தார். நேரான நிலை. வெறும் நிலை.

“நான் மடத்திட்டைச் சொல்லமாட்டன். நாலு மணிவரைக்கும் தாள் உங்களிட்டை இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போய்ச் சொல்லியிருந்தால் அவளைத் திட்டியிருக்கலாம். கோள்மூட்டி என்று சுரேஸிடம் சொல்லியிருக்கலாம். அவள் ஒன்றுக்கும் இடம் வைக்கவில்லை. கேதீஸ்வரன் கண்ணாடிக்குக் கீழிருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உயிரோடிருப்பவை எழுபத்தொன்று என்று தன் கையாலேயே எழுதிவைத்தவள் முன்னால், நாற்பது என்ற எண் அவருக்கே கூசியது. மூன்றே முக்காலுக்கு அதை வெட்டி முப்பத்தொன்பது என்று எழுதினார். பேனை தாளைக் கிழித்துவிட்டது.

அட்டையில் கொக்கு நின்றது.

தை பிறந்து இரண்டாம் கிழமை தங்கமுத்து வீடு குடிபூரினாள். வாசலில் நிறைகுடம், நிலை நிறைய மாவிலை. கேதீஸ்வரன் வந்தபோது உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. முற்றத்து மூலையில் பனைமட்டைக் கூட்டுக்குள் ஒரு மாங்கன்று நின்றது.

“உது எங்கடை சுபாஜினிப் பிள்ளை தந்தது” என்றாள் வெளியே வந்த தங்கமுத்து, கேளாமலே. “உள்ளுக்குத்தான் இருக்கிறா. வாங்கோ, தம்பி.”

அவர் கட்டிய வீட்டுக்குள் சுபாஜினி அவருக்கு முன்னால் வந்துவிட்டாள். கேதீஸ்வரன் முற்றத்திலேயே நின்றார். அயல் வீட்டு ஆடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, கூட்டுக்குள் வாயை நுழைத்தது. கன்றில் ஐந்து இலை. ஒன்று போயிற்று. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது இலையையும் ஆடு கவ்வியது.

“அண்ணை, பால் ஆறுது!” உள்ளேயிருந்து சுபாஜினி கூப்பிட்டாள்.

“வாறன்” என்றார். குனிந்து கயிற்றைப் பிடித்து ஆட்டை இழுத்தார். அது இலையை விடவில்லை. அவரும் கயிற்றை விடவில்லை.