கட்டத்துக்கு ரெண்டு தகடு

கொல்லிமலைக்கு வெள்ளைத்தாள் வந்து சேர்வதே பெரிய கூத்து. சேலத்தில் வாங்கி, மாட்டுவண்டியில் அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் கொண்டுவந்து, அதற்குமேல் ஆள் தலையில் ஏற்றி விடுவார்கள். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டால் சுமக்கிறவன் நனைவதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. தாள் நனைந்ததா என்றுதான் முதல் கேள்வி. அப்படிப்பட்ட தாளைக் கண்ணாயி தாராளமாகச் செலவழித்தாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்.

மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கால்மிதி அச்சு எந்திரம் வைத்திருந்தார். யாரோ கடையைக் கட்டும்போது மலிவாகக் கிடைத்தது. அதில் எழுத்துக் கோப்பதும் மிதிப்பதும் கண்ணாயி ஒருத்திதான். மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிக்காரி. கட்டினவன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான், போனவன் போனவன்தான். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, சோறு போடும்போது முகத்தைப் பார்க்காமல் போட்டாள், அவ்வளவுதான். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து அச்சுக்கூடத்தில் சேர்ந்து வேலை பழகி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தாள்.

மலைக்காரர்கள் நல்லவர்கள். வழியில் பார்த்தால் சிரிப்பார்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள். ஆனால் அவர்களுக்குள் எல்லாரும் மாமன் மச்சான். இவளை அத்தை என்று கூப்பிடவும் ஆளில்லை, கொழுந்தி என்று கேலி செய்யவும் ஆளில்லை. பொழுது சாய்ந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில் டாக்டர் “தாள் ஆயிற்றா?” என்று கேட்கும்வரை அவள் காதில் மனிதக் குரல் விழாது. மூன்று வருஷம் அப்படிப் போனால் சொந்தக் குரலே மறந்துபோகும்.

அவள் வேலையில் பெரும்பங்கு காய்ச்சல் தாள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஆஸ்பத்திரி ஓர் ஆளை வைத்திருந்தது. அந்த ஆள் வீடுவீடாகப் போய் மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்து, கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். ஊர், பெயர், வயது, குறிப்பு. அவ்வளவுதான் கட்டம். மாதக் கடைசியில் எழுதிய தாள்கள் திரும்பி வரும், கண்ணாயி அவற்றைப் பார்த்து எத்தனை பேருக்கு மாத்திரை, எத்தனை சாவு என்று கூட்டி அந்தத் தொகையை அச்சடிப்பாள். தலைப்பில் நாட்டின் பெயர் மாறுவதால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகத்தான் தாள் ஓட்டுவாள்.

தேவனூர் நாட்டுக்கு எழுதுகிறவர் பெயர் பொன்னன். கண்ணாயி அவரைப் பார்த்ததில்லை. அவர் எழுத்தைத்தான் பார்த்திருந்தாள். குண்டு குண்டான எழுத்து. பாவம், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு திணறும். கொம்பு மேல்கோட்டில் இடிக்கும், உகரத்தின் வால் கீழ்க் கட்டத்துக்காரியின் தலையில் போய் உட்காரும். சின்னாயி என்று எழுதினால் மேலே இருக்கும் பாப்பாத்தி பாதி மறைந்துபோவாள். பார்க்கப் பார்க்கக் கண்ணாயிக்கே மூச்சு முட்டியது.

அடுத்த மாதம் தேவனூர் நாட்டுத் தாளை ஓட்டுமுன் அவள் கோடுகளை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தை அவிழ்த்தாள். இரண்டு பித்தளைக் கோட்டுக்கு நடுவே இடைவெளிக்காக வழக்கமாகப் போடும் ஈயத்தகடுகளோடு இன்னும் இரண்டு மெல்லிய தகடு சொருகினாள். கட்டத்துக்கு ரெண்டு தகடு. பன்னிரண்டு கட்டத்தோடு தாள் நிரம்பிவிட்டது. மற்ற நாட்டுத் தாளில் இருபது. இறுக்கிக் கட்டி, மிதித்து, மாதனிடம் கொடுத்தனுப்பினாள். மாதன் என்பவன் நாட்டுக்கு நாடு தாளும் மருந்தும் சுமக்கிற ஆள், பேச்சுக்கு ரொம்பக் கஞ்சன்.

எழுதிய தாள் திரும்பி வந்தபோது எழுத்துகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தன. கண்ணாயிக்குச் சந்தோஷம். அதோடு குறிப்புக் கட்டத்தில் ஒன்று புதிதாக இருந்தது. ‘கொயினா கொடுத்தது’ என்பதற்குக் கீழே இடம் மிஞ்சியதாலோ என்னவோ, ‘மாத்திரை கசக்கிறது என்று என்னைத் திட்டினாள்’ என்று எழுதியிருந்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த சத்தம் அந்த அறைக்கே புதுசு.

அதற்கப்புறம் அவள் இன்னொரு தகடு சேர்த்தாள். அவரும் இன்னொரு வரி சேர்த்தார். ‘காய்ச்சல் விட்டது. இன்று தினைக்காட்டில் கிளி விரட்டுகிறான்.’ ‘இவள் மாமியார் இல்லாதபோது மாத்திரையை விழுங்குகிறாள், இருக்கும்போது துப்புகிறாள்.’ செத்தவர்கள் கட்டமும் வரும். ‘இவர் நட்ட பலாவில் இந்த வருஷம்தான் காய் பிடித்தது’ என்று ஒருமுறை எழுதியிருந்தார். அன்றைக்குக் கண்ணாயியால் சாப்பிட முடியவில்லை.

மாதக் கடைசி எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள். தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பதிலும் பேசுவாள், தேவனூர்த் தொகையைக் கோத்து முடிக்க அன்றைய பொழுது முழுக்கப் போய்விடும். “துப்புனா நீங்க சும்மா விட்டுட்டு வந்துட்டீங்களாக்கும்?” என்பாள். யாராவது பார்த்தால் மந்திரிக்க ஆள் கூட்டி வந்திருப்பார்கள். பார்க்க யார் இருக்கிறார்கள்? உள்ளதைச் சொன்னால், உலகத்தில் அவளோடு பேசிய ஒரே சங்கதி அந்தக் குறிப்புக் கட்டம்தான். அது போய்விட்டால் அவளுக்கு ஒன்றும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் இது டாக்டர் கண்ணில் பட்டது. “தேவனூருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாள் செலவாகிறது?” என்றார்.

“அங்க எழுதறவரு நிப்பு மொட்டைங்க ஐயா. எழுத்துப் பெருசா விழுகுது. நெருக்கிப் போட்டா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்குதுங்க.”

“தாளைவிட நிப்பு மலிவு அல்லவா?” என்று டாக்டர் சிரித்தார். மாதனிடம் புது நிப்பு கொடுத்தனுப்பினார். அடுத்த மாதம் பொன்னன் எழுத்து ஊசி மாதிரி இளைத்து வந்தது. இப்போது வழக்கமான கட்டமே தாராளம். டாக்டர் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஓடுகிற ஓட்டத்தில் இதை மறந்துபோனார். கண்ணாயி மறக்கவில்லை. மறக்காமலே தகடுகளை அப்படியே விட்டுவைத்தாள். முதலில் அவருக்காகச் சொருகியது, இப்போது தனக்காக.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கடுமையாக அடித்தது. மாதக் கடைசிக்கு மாதன் வரவில்லை, கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு வேறு ஒருவர் வந்து வாசலில் நின்றார். குள்ளமான ஆள், தாடி வளர்ந்திருந்தது. மடியிலிருந்து வாழைச்சருகில் சுற்றிய தாள்களை எடுத்தார்.

“ஏனுங்க அம்மிணி, டாக்டரய்யா இருக்காருங்களா? தேவனூர்ல இருந்து வாரேன். பொன்னனுங்க.”

கண்ணாயி எந்திரத்தை நிறுத்தினாள். அவள் நினைத்து வைத்திருந்த பொன்னன் நல்ல உயரம். பரவாயில்லை என்று உடனே மனசு சொல்லிவிட்டது.

“ஐயா கீழ போயிருக்காருங்க. உள்ள வாங்க, நனையாதீங்க. மாதன் வரலீங்களா?”

“நானே வந்துட்டேனுங்க. இந்த அச்சுக் கோக்கறவருகிட்ட ஒரு சேதி சொல்லோணும்.”

“நான்தானுங்க கோக்கறது.”

அவர் அவளையும் எந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சருகைப் பிரித்து மேல் தாளை அவள் முன்னால் வைத்தார். முதல் மூன்று கட்டத்திலும் குறிப்பு நிறைய எழுதியிருந்தது. நான்காவது கட்டத்தில் ஆயம்மாள் என்று பெயர், வயது, இறப்பு. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அகலமான வெள்ளைக் கட்டம்.

“எங்க ஊட்டுக்காரிங்க,” என்றார்.

கண்ணாயி அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்தாள்.

“எடம் இருக்கறதப் பாத்து, இதையும் எழுதச் சொல்றாங்களாட்ட இருக்குதுன்னு எல்லாத்துக்கும் ஏதாச்சும் எழுதிப் பழகிட்டேனுங்க. இவளுக்கு என்ன எழுதறதுன்னு மூணு நாளா ஒக்காந்து பாத்தேன். பேனாவத் தொட்டா அவளே வந்து முன்னால நிக்கறா. எழுதவும் முடியல, வெறுசா வுடவும் முடியல. அவ்வளவு பெரிய எடம் வெறுசாக் கெடக்கறதப் பாக்க முடியலீங்க அம்மிணி. முன்ன மாதிரி நெருக்கிப் போட்டுக் குடுத்துருங்க. பேரும் வயசும் புடிச்சாப் போதும். இதச் சொல்லத்தான் நடந்து வந்தேன்.”

தாளை நிறையத் தூக்க வேண்டியிருக்கிறது என்றோ, மழையில் நனைகிறது என்றோ அவர் சொல்லியிருந்தால் கண்ணாயி ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள். இதற்கு என்ன சாக்குச் சொல்வது? தன் தனிமைக்காக அவர் இத்தனை நாள் சாவு வீட்டையெல்லாம் திரும்ப நினைத்து நினைத்து எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

“ஒக்காருங்க,” என்றாள். “இப்பவே செஞ்சு தாரேன்.”

தேவனூர் நாட்டுச் சட்டத்தைப் பலகையில் வைத்து அவிழ்த்தாள். கட்டம் கட்டமாகத் தகடுகளை உருவினாள். கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. கீழே மிஞ்சிய இடத்தில் புதுக் கோடுகளைச் சேர்த்து இறுக்கினாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குங்க அம்மிணி அத்தனை எடம் வுட்டீங்க?” என்று கேட்டார்.

உங்களுக்காக என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. “உங்க எழுத்து இடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க,” என்றாள்.

“அப்ப அதையெல்லாம் நீங்க படிச்சீங்களா?”

“ஒண்ணு வுடாமப் படிச்சேனுங்க.”

அவள் உருவி வைத்த தகடுகளை அவர் பார்த்தார். “கட்டி அடுக்கி வெச்சுருவாங்க, ஆரு படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்,” என்றார். கோபம் போலவும் இல்லை, சந்தோஷம் போலவும் இல்லை.

மிதித்து அடித்து, மை காய்ந்த தாள்களைக் கட்டிக் கொடுத்தாள். அவர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, “நல்லா இருக்கோணும் சாமி. இனிமேப்பட்டு நிம்மதியா எழுதுவேன்,” என்று கும்பிட்டார். மழையோடு இறங்கிப் போனார். வளைவு திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கார்த்திகைக் கடைசியில் மாதன் தாள் கொண்டுவந்தான். அவன் மூட்டையை இறக்கி முடிப்பதற்குள் கண்ணாயி தேவனூர்க் கட்டைப் பிரித்துவிட்டாள். இருபது கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரு கொம்பு மேல்கோட்டைத் தொடவில்லை, ஒரு வால் கீழே இறங்கவில்லை. குறிப்பில் ‘கொயினா கொடுத்தது’, ‘கொயினா கொடுத்தது’ என்று மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி. அவள் இரண்டு தரம் பார்த்தாள்.

“தேவனூர்ல என்ன சேதிங்க?” என்று மாதனைக் கேட்டாள்.

“ஒண்ணும் இல்லீங்க,” என்றான் மாதன், தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

தேவனூர்த் தொகையை எழுத்துக் கோத்து முடிக்க அவளுக்குக் காலைப் பொழுதே போதுமானதாக இருந்தது.